ஒளிச்சு வெச்சு சார்ஜ் போடாதீங்கப்பா!

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். அடியேன் சிகரெட், பீடி, வேப் பேனா எதுக்கும் கொடி பிடிக்கிற ஆள் இல்லை. காலேஜ்ல ரெண்டு வருஷம் ஊதிட்டு, அப்பாகிட்ட மாட்டி, வாங்கிக் கட்டிக்கிட்டு விட்டவன். அதனால "மின் சிகரெட்டுக்கு விளம்பரம் பண்றியா?"ன்னு கும்ம வர்ற மக்கள் கடைசி வரைக்கும் படிச்சுட்டு அப்புறம் கும்மவும் :-)

போன மாசம் ஒரு சனிக்கிழமை. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். தண்ணி குடிக்க எழுந்து மாடிப்படிகிட்ட வந்தா, அக்கா பையன் ரூம்லேர்ந்து மாம்பழ வாசனை. லண்டன் குளிர்ல, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு மல்கோவா எங்கேர்ந்து வரும்? கதவு லேசா திறந்திருந்தது. எட்டிப் பாத்தா பய நல்லா குறட்டை விடறான். போர்வைக்குள்ளேர்ந்து சின்னதா ஒரு பச்சை வெளிச்சம் விட்டு விட்டு எரியுது. கைய விட்டு எடுத்தா, கட்டை விரல் தடிமன்ல ஒரு பேனா. என்னோட ஆபீஸ் லேப்டாப் சார்ஜர்ல சொருகி, தலையணைக்கும் மெத்தைக்கும் நடுவுல வெச்சு சார்ஜ் ஏத்திக்கிட்டிருக்கான். தொட்டா காபி டம்ளரைத் தொட்ட மாதிரி சூடு.

அவன் இங்கே மேல்படிப்புக்கு வந்திருக்கான், எங்க வீட்டுலதான் தங்கியிருக்கான். எங்க வீடு வரிசை வீடு. தரை மரம், படி மரம், சுவத்துக்குள்ள பாதி மரம். மாடிலேர்ந்து கீழ இறங்க ஒரே ஒரு படி. அவன் ரூமுக்கு அடுத்த ரூம்ல ஏழு வயசுப் பொண்ணு தூங்குறா. சார்ஜரைப் பிடுங்கி, அந்தப் பேனாவைக் கொண்டு போய் சமையலறை சிங்க்ல ஒரு பீங்கான் தட்டுல வெச்சுட்டு, விடியற வரைக்கும் அதுக்கு எதிர்ல உக்காந்திருந்தேன். அசட்டுத்தனம்தான். ஆனா தூக்கம் வரலை.

காலையில அவனைத் தனியா கூப்பிட்டு உக்கார வெச்சேன். மொதல் வார்த்தையே, "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"அத அப்புறம் பாப்போம். ஏண்டா கட்டில்ல வெச்சு சார்ஜ் போட்ட?"

"மேசை மேல வெச்சா அத்தை பாத்துடுவாங்களே மாமா."

இந்த ஒரு பதில்தான் என்னை இந்தப் பதிவு எழுத வெச்சது. அவனுக்கு பேட்டரியைப் பத்தித் தெரியாம இல்லை. பய படிச்சதே எலக்ட்ரானிக்ஸ். மெத்தை மேல வெச்சா ஆபத்துன்னு கேட்டா அவனே சொல்லுவான். ஆனா வீட்டுல இருக்குற இடத்துலயே பேட்டரிக்கு ஆக மோசமான இடம் எதுவோ, அங்கதான் யாரும் பாக்க மாட்டாங்க. போர்வைக்கடி, துணி அலமாரிக்குள்ள, பைக்குள்ள, கட்டிலுக்கடியில. ஒளிக்கிறதுக்கு நல்ல இடமெல்லாம் காத்தோட்டம் இல்லாத, துணி நெறைஞ்ச இடம். நாம "தொடாதே"ன்னு சொன்னதை அவன் கேக்கலை. "கண்ணுல படாதே"ன்னு சொன்னதா மட்டும் எடுத்துக்கிட்டான்.

நம்ம ஊர்லயும் இதே கதைதான்னு நினைக்கிறேன். இந்தியாவுல 2019 செப்டம்பர்ல அவசரச் சட்டம் போட்டு, டிசம்பர்ல சட்டமாவே ஆக்கிட்டாங்க. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேத்து வைக்கிறது எல்லாம் குற்றம். (லீவுக்கு ஊருக்குப் போற மக்கள் கவனிக்க. இங்க தெருமுனைக் கடையில சட்டப்படி வாங்கினதுங்கறது அங்க செல்லாது. வெச்சுட்டே போயிடுங்க. சிங்கப்பூர் வழியாப் போறவங்க ரெண்டு தடவை கவனிக்க, அங்க கையில வெச்சிருந்தாலே குற்றம்.) தடை சரியா தப்பான்னு கேட்டா, பள்ளிக்கூடப் பசங்க கைக்குப் போகாம இருக்க என்ன பண்ணாலும் சரின்னுதான் சொல்லுவேன். ஆனா தடைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. திருட்டுத்தனமா வர்ற சரக்கு அட்டைப்பெட்டி, கையேடு எதுவும் இல்லாம வரும். அஞ்சு வோல்ட்டா, எத்தனை ஆம்பியரான்னு அச்சடிச்சிருக்காது. சந்தேகம் வந்தா கேக்க ஆளும் இல்ல. கேட்டா மாட்டிப்பான். அதுக்கு என்ன பண்ணலாம்னு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, பெரியவங்க நாம முதல்ல இந்தக் கருமத்தை எப்படி சார்ஜ் பண்றதுன்னு தெரிஞ்சுக்கறது. அதுக்காக ரெண்டு வாரம் ஆணி புடுங்குறதுக்கு நடுவுல படிச்சதைத்தான் கீழ எழுதறேன்.

இங்க ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கறேன். நோக்கியா காலத்துல புது போன் வாங்கினா கடைக்காரர் என்ன சொல்லுவார்? "சார், மொதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுதான் ஆன் பண்ணணும். அப்புறம் சுத்தமா இறங்கினப்புறம்தான் அடுத்த சார்ஜ்." இந்த ரெண்டு புத்திமதியும் நிக்கல் பேட்டரிக்கானது. அதுக்கு "ஞாபக" வியாதி உண்டு, பாதியிலயே சார்ஜ் போட்டுப் பழக்கினா பாதிதான் குடுக்கும். சோனி 1991ல கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனுக்கு அந்த வியாதியே கிடையாது. சொல்லப்போனா சுத்தமா வடிச்சு எடுக்கறதும், நாள் கணக்கா நிரம்பின நிலையில வெச்சிருக்கறதும்தான் அதுக்குக் கெடுதல். வேதியியலுக்குப் போய் (2019ல குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் நோபல் குடுத்தாங்க) முப்பது வருஷம் ஆகியும் நம்ம வீட்டுல "ராத்திரி பூரா போட்டு வை"ங்கற வாக்கு மட்டும் சாகலை. 2007 ஆகஸ்ட்ல பிஎல்-5சி பேட்டரி விவகாரம் ஞாபகம் இருக்கா? சார்ஜ் போடறப்ப சூடாகுதுன்னு நோக்கியா 4 கோடியே 60 லட்சம் பேட்டரிக்கு எச்சரிக்கை விட்டுச்சு. அப்ப எங்க ஆபீஸ்ல ஒருத்தர் விடாம எல்லாரும் போனைப் பிரிச்சு பேட்டரி நம்பரைப் பாத்துக்கிட்டிருந்தோம். அன்னிக்கு ஒரு நாள் பயந்தோம், மறுநாளே தலையணைக்கடியில வெச்சுட்டுத் தூங்கினோம்.

இப்ப உள்ளே என்ன நடக்குதுன்னு பாக்கலாம். இது கொஞ்சம் நீளும், ஆனா இது புரிஞ்சா விதியெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

பேட்டரிக்குள்ள ரெண்டு தகடு, நடுவுல முடியை விட மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் சவ்வு, எல்லாத்தையும் நனைச்சுக்கிட்டு ஒரு திரவம். அந்தத் திரவம் பெட்ரோல் மாதிரி எரியக்கூடியது. சாதாரணமா 3.7 வோல்ட்னு சொல்லுவாங்க, நிரம்பினா 4.2. அதுக்கு மேல ஏத்தக்கூடாது. குழாயில குடம் பிடிக்கிற மாதிரிதான். மொதல்ல குழாயை முழுசாத் திறந்து விடலாம். கழுத்துக்கிட்ட வந்ததும் திருகிச் சிறுசாக்கணும், விளிம்புல வந்ததும் மூடணும். நல்ல சார்ஜர் சில்லு இதைத்தான் பண்ணுது. மொதல்ல ஒரே சீரான மின்னோட்டம், 4.2 தொட்டதும் வோல்ட்டேஜை அங்கேயே பிடிச்சுக்கிட்டு மின்னோட்டத்தைக் குறைச்சுக்கிட்டே வரும், பத்துல ஒரு பங்கா குறைஞ்சதும் நிறுத்திடும்.

கோளாறு எங்கே வருதுன்னா, அந்தச் சில்லு சரியில்லாம மேல ஏத்தினாலோ, வெளிச் சூடு உள்ளே சேந்துக்கிட்டே போனாலோ, சவ்வுல ஓட்டை விழுந்தாலோ. உள்சூடு 80, 90 டிகிரி தாண்டினா தகட்டு மேல இருக்குற பாதுகாப்புப் படலம் சிதைய ஆரம்பிக்கும். அந்தச் சிதைவே சூட்டைக் கிளப்பும். 130 வாக்குல சவ்வு உருகும். ரெண்டு தகடும் ஒட்டிக்கும். அதுக்கப்புறம் சுவிட்சை அணைச்சாலும் பிரயோஜனம் இல்லை, ஏன்னா எரியறதுக்கு வேணுங்கறது எல்லாம் உள்ளேயே இருக்கு. "நம்ம பிளக்குல ஃப்யூஸ் இருக்கே"ன்னு தங்கமணி கேட்டாங்க. பிளக்குல இருக்குற 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒயரைக் காப்பாத்தத்தான். பேட்டரிக்குள்ள நடக்குறது அதுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்து கணக்கு. இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பாக்குறதில்லைங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். இப்ப வர்ற போன் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர் அவர். அவன் பேனாவுல அச்சடிச்சிருந்தது 500. பத்துல ஒரு பங்கு. அரை ஆம்பியர் மின்னோட்டத்துல ஒரு மணி நேரம், கடைசிச் சொட்டு மெதுவா ஏற ஒரு அரை மணி நேரம். ஒன்றரை மணியில வேலை முடிஞ்சுடும். கூட்டு, ரசம் வெச்சு அப்பளம் பொரிக்கிற நேரம். இதுக்கு எதுக்குய்யா ராத்திரி பூரா? நான் முழிச்சிருக்கும்போது, என் கண் முன்னாடி, டிவி பாத்துக்கிட்டே ஏத்தி முடிச்சுப் பிடுங்கிடலாம். தூங்கும்போது போடாதேங்கறதுக்கு இதை விடப் பெரிய காரணம் வேண்டாம். தேவையே இல்லை.

இங்க என்னோட வண்டவாளம் ஒண்ணையும் சொல்லணும். அன்னிக்கு அவன்கிட்ட, "65 வாட் சார்ஜரை அந்தக் குச்சியில சொருகினியே, வெடிச்சிருக்கும்டா!"ன்னு கத்தினேன். பய அமைதியா, "மாமா, சார்ஜர் தள்ளாது, பேனாதான் இழுக்கும்"னான். எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன்கிட்ட வாயக் குடுத்தது சொந்தச் செலவுல சூனியம். அவன் சொன்னது சரி. ஒழுங்கான சி-டைப் சார்ஜர் கேட்டாலொழிய அஞ்சு வோல்ட்டுக்கு மேல குடுக்காது. எத்தனை ஆம்பியர் எடுக்கணும்னு முடிவு பண்றது பேனாவுக்குள்ள இருக்குற சில்லு.

ஆனா அவன் பாதிதான் சொன்னான். முடிவு பண்றது உள்ளே இருக்குற சில்லுன்னா, அந்தச் சில்லு எப்பேர்ப்பட்டதுங்கறதுதானே கேள்வி? சில மலிவுப் பேனாக்கள் ரெண்டு பக்கமும் சி-டைப் இருக்குற கேபிள்ல சார்ஜே ஏறாது, பழைய பட்டை யு.எஸ்.பி. முனை இருக்குற கேபிள்ல மட்டும்தான் ஏறும். பாத்திருப்பீங்க. காரணம், அந்த வாய்க்குப் பின்னாடி வைக்க வேண்டிய ரெண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சிருப்பாங்க. சல்லிக் காசு பெறாத ரெசிஸ்டரையே மிச்சம் பிடிச்சவன், உங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துல வேற எதையெல்லாம் மிச்சம் பிடிச்சிருப்பான்? சின்னப் பேனாக்கள்ல இருக்குற எளிய ரகச் சில்லு, மீந்த வோல்ட்டேஜைச் சூடா மாத்தித்தான் கழிக்கும். அஞ்சு வோல்ட்டுல 3.7 போக மீதி 1.3, அரை ஆம்பியர்னா 0.65 வாட். மேசை மேல கெடந்தா அந்தச் சூடு காத்துல போயிடும். விரலுக்கு வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான். போர்வைக்குள்ள வெச்சா எங்க போகும்? எனக்குக் காபி டம்ளர் சூடு வந்தது இப்படித்தான்.

அதனால நான் வெச்ச சட்டம்: பெட்டியில 5 வோல்ட் 1 ஆம்பியர்னு இருந்தா அந்த அளவு சார்ஜர்தான், அதுக்கு மேல பெரிசு வேண்டாம். இன்னும் நல்லது, கம்ப்யூட்டரோட பழைய யு.எஸ்.பி. வாய். அது அரை ஆம்பியர்தான் குடுக்கும். மெதுவா ஏறட்டும், என்ன அவசரம்? பர்மா பஜார் ரக சார்ஜர் எந்த ஊர்ல வித்தாலும் பர்மா பஜார் ரகம்தான். இங்க வாரச்சந்தையில ஒரு பவுனுக்கு விக்கிறாங்க, தூக்கிப் பாத்தா தக்கை மாதிரி இருக்கு.

திருகி மாட்டுற பழைய ரகம் தனிக் கதை. பேட்டரி தனியா ஒரு குச்சி, மேல மருந்து டப்பாவைத் திருகணும், அதைக் கழட்டிட்டு அதே மரையில சார்ஜரைத் திருகணும். மரை பெரும்பாலான கம்பெனிக்கு ஒண்ணேதான். அங்கதான் வில்லங்கம். சில கம்பெனி, நிறுத்துற சில்லைப் பேட்டரிக் குச்சிக்குள்ள வைக்கும், சில கம்பெனி சார்ஜருக்குள்ள வைக்கும். இவன் குச்சியை அவன் சார்ஜர்ல மாட்டினா, ரெண்டுலயும் சில்லு இல்லாம போக வாய்ப்பு உண்டு. மூடி பொருந்துதேன்னு மண்ணெண்ணெய் பாட்டில் மூடியை மருந்து பாட்டிலுக்குப் போடுவோமா? கூட வந்த சார்ஜர் தொலைஞ்சா அந்தக் குச்சிக்கு ஆயுசு முடிஞ்சதுன்னு வெச்சுக்கணும். இறுக்கித் திருகவும் கூடாது. நடுவுல இருக்குற குமிழ் உள்ளே அமுங்கி, அப்புறம் தொடர்பு விட்டு விட்டு வரும், இல்லைன்னா உள்ளேயே ஷார்ட் ஆகும். விரல் நுனியால திருகி, நின்னதும் விட்டுடணும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் ரெண்டு தடவை இதை எண்ணிப் பாத்து அறிக்கை போட்டிருக்காங்க. 2014ல வந்த மொதல் அறிக்கையில 25 சம்பவம், அதுல அஞ்சுக்கு நாலு சார்ஜ் போடும்போது. கூட வந்த சார்ஜரை விட்டுட்டுக் கையில கிடைச்சதுல சொருகினதைத்தான் முக்கியமா குறை சொன்னாங்க. 2017ல வந்த அடுத்த அறிக்கையில, 2009லேர்ந்து 2016 வரைக்கும் 195 சம்பவம். எனக்கு ஆச்சரியம் என்னன்னா, அதுல சார்ஜ் போடும்போது நடந்தது 48தான். வாயில வெச்சு இழுக்கும்போது 60. பேன்ட் பாக்கெட்டுல சும்மா இருக்கும்போது 61!

பாக்கெட்டுல ஏன்? கழட்டி மாட்டுற பெரிய ரகத்துல 18650னு ஒரு உருளை பேட்டரி போடுவாங்க. நம்ம டார்ச் பேட்டரியை விடச் சன்னமா இருக்கும். அதோட உடம்பு பூரா எதிர்முனை. மேல இருக்குற நேர்முனைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு சின்ன வளையமும், மேல சுத்தின மெல்லிசு உறையும்தான் காவல். உறை கிழிஞ்ச பேட்டரியைச் சாவி, சில்லறையோட பாக்கெட்டுல போட்டா, சில்லறை ரெண்டையும் இணைச்சுடும். அதனால தனி பேட்டரின்னா மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா கட்டாயம், உறை கிழிஞ்சா பேட்டரி குப்பைக்கு (எந்தக் குப்பைன்னு பின்னாடி சொல்றேன்), சார்ஜும் அதுக்குன்னு விக்கிற தனிச் சார்ஜர்லதான். 2018ல ஃபுளோரிடாவுல ஒருத்தரும், 2019ல டெக்சாஸ்ல 24 வயசுப் பையன் ஒருத்தனும் செத்ததுகூட இழுக்கும்போது வெடிச்சுதான். உருளைக்கு ரெண்டு முனைதான் பலவீனம், அதனால வெடிச்சா பேட்டரி வாணம் மாதிரி நேரா கிளம்பும்னு மொதல் அறிக்கையிலயே எழுதியிருந்தாங்க. பாதுகாப்புச் சில்லே இல்லாம வெறும் குழாயும் பட்டனுமா ஒரு ரகம் விக்கிறாங்க, அதைப் பத்தி எனக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான். வேண்டாம்.

சார்ஜ் போட்டபடியே இழுக்கறதும் அதே கணக்குல சேத்தி. உள்ளே ஒரு பக்கம் ஏறுது, இன்னொரு பக்கம் கம்பிச்சுருள் மூணு நாலு ஆம்பியர் உறிஞ்சுது, எல்லாச் சூடும் அந்தக் குச்சிக்குள்ளயே. பட்டன் இருக்குற ரகம்னா அஞ்சு தடவை அழுத்தி அணைச்சுட்டுச் சார்ஜ் போடணும். சொருகுற வாயில பஞ்சு, கசிஞ்ச திரவம் இருந்தா துடைச்சுட்டுத்தான்.

குளிர் ஊர்ல இருக்குறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. ராத்திரி காருக்குள்ளயே கெடந்து ஐஸ் மாதிரி ஆன பேனாவை வீட்டுக்குள்ள வந்ததும் சொருகாதீங்க. பூஜ்யம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா, லித்தியம் தகட்டுக்குள்ள போக முடியாம மேலேயே முலாம் மாதிரி படியும். அது ஊசி ஊசியா வளந்தா சவ்வைக் குத்தும். அன்னிக்கே ஒண்ணும் ஆகாது, என்னிக்கோ ஒரு நாள் ஆகும். அரை மணி நேரம் மேசை மேல வெச்சு ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் போடணும்.

"இத்தனூண்டு பேட்டரிக்கு இவ்வளவு அலப்பறையா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். அந்தப் பேனாவுல இருக்குறது ரெண்டு வாட் அவர்கூட இல்லை. போன்ல அதைப் போல பத்து மடங்கு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல ரெண்டாயிரம், மூவாயிரம் இருக்கும். 2022 மார்ச்ல வேலூர்ல, ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த புது எலெக்ட்ரிக் பைக் தீப்பிடிச்சு, புகையில மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் அவரோட சின்னப் பொண்ணும் செத்துப் போனாங்க. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கு நான் என்ன பண்ணேன்? "ஐயோ பாவம்"னுட்டு, என் போனைத் தலைமாட்டுல சார்ஜ் போட்டுட்டுத் தூங்கினேன். ரெண்டு வாட் அவர் பேட்டரியால வீட்டைக் கொளுத்த முடியாதுதான். மெத்தையைக் கொளுத்த முடியும். மெத்தையால வீட்டைக் கொளுத்த முடியும். அந்த வேலூர் வீட்டுல அவங்களைக் கொன்னது புகைங்கறதை நான் மறக்கவே கூடாதுன்னு இப்ப நினைக்கிறேன்.

அதனால எங்க வீட்டுல இப்ப ஒரு இடம் ஒதுக்கியாச்சு. பாத்ரூம் வேலை பண்ணப்ப மிஞ்சின டைல்ஸ் ஒண்ணு ஷெட்டுல கெடந்தது, அதை ஹால்ல டிவிக்குப் பக்கத்துல, திரைச்சீலைக்கு எட்டாம வெச்சிருக்கேன். தங்கமணி எவர்சில்வர் தாம்பாளம் எடுத்துக் குடுத்தாங்க. மூடின பேனாவுக்குப் பரவாயில்லை, ஆனா தனி பேட்டரியை உலோகத் தட்டுல வெச்சா பாக்கெட்டுச் சில்லறை கதைதான்னு சொல்லித் திருப்பிக் குடுத்தேன். வாசலுக்குப் போற வழியில, மாடிப்படிக்கடியில வைக்கலை. அங்க தீப்பிடிச்சா ஓடுற வழியே போச்சு. என் போன், பொண்ணோட டேப்லெட், பவர் பேங்க், அவன் பேனா எல்லாத்துக்கும் ஒரே டைல்ஸ்தான். ராத்திரி பத்து மணிக்கு எல்லாத்தையும் பிடுங்கிடணும். மொதல்ல நாலு நாள் நானே மறந்தேன், பொண்ணு வந்து பிடுங்கினா.

ஒருவேளை உப்பினாலோ, உஸ்ஸுன்னு சத்தம் வந்தாலோ, இனிப்பா நெயில் பாலிஷ் மாதிரி நாத்தம் அடிச்சாலோ கையில எடுத்து ஆராய்ச்சி பண்ணாதீங்க. சுவிட்சை அணைக்க முடிஞ்சா அணைச்சுட்டு, ஆளுங்களை வெளிய கூட்டிட்டு, கதவைச் சாத்திட்டு, தீயணைப்புக்குப் போன் பண்ணணும். அந்தப் புகை சாதாரணப் புகை இல்லை, நுரையீரலை அரிக்கிற விஷவாயு அதுல இருக்கு. இத்தனூண்டு சமாச்சாரம்தானேன்னு வெறுங்கையால எடுத்து ஜன்னல் வழியா வீசப் போகாதீங்க.

குப்பை விஷயம். ஒரு தடவை இழுத்துட்டுத் தூக்கி வீசற ரகத்தை பிரிட்டன்ல 2025 ஜூன் 1லேர்ந்து விக்கக்கூடாதுன்னு தடை போட்டாங்க. அதுக்கு முன்னாடி 2023ல எடுத்த ஒரு கணக்குல, வாரத்துக்கு 50 லட்சம் பேனா குப்பைக்குப் போகுதுன்னு சொன்னாங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு லித்தியம் பேட்டரி. குப்பை லாரி நசுக்கும்போது அது தீப்பிடிக்கும். தடைக்கப்புறம் எல்லாம் சார்ஜ் பண்ற ரகமா மாறிடுச்சு, அதாவது சார்ஜ் போடத் தெரியாத கையெல்லாம் இப்ப சார்ஜ் போடுது. பழசானா சமையலறைக் குப்பையில போடாம, வேப் விக்கிற கடையிலயே குடுங்க. வாங்கிக்க வேண்டியது அவங்க கடமை. நான் போய்க் குடுத்தப்ப கல்லாவுல இருந்த பையன் என் நரைமுடியைப் பாத்துட்டு, "வேற என்ன ருசி வேணும் அங்கிள்?"னு கேட்டான். அவ்வ்வ்வ்.

சரி, தங்கமணி விஷயத்துக்கு வர்றேன். மொதல் நாள் சாயந்திரம் அந்தப் பேனாவை எல்லார் முன்னாடியும் டைல்ஸ் மேல வைக்க அவன் பட்ட பாடு இருக்கே... கையில வெச்சுக்கிட்டு ஹால்ல ரெண்டு சுத்து சுத்தினான். தங்கமணி சீரியலை விட்டுக் கண்ண எடுக்காம, "வைக்கிறதுன்னா வை. சுடச்சுட கட்டில்ல வெச்சதுக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனா எனக்கு இது பிடிக்கலைன்னு மட்டும் தெரிஞ்சுக்கோ"ன்னாங்க. பொண்ணு, "இது என்ன பேனா?"ன்னு கேட்டா. "எழுதாத பேனா, நீ தொடக்கூடாது"ன்னேன். (நிக்கோடின் திரவம் குழந்தை வாயில பட்டா உயிருக்கே ஆபத்து. அந்தப் பாட்டில் மட்டும் அவன் அலமாரியில, மேல் தட்டுல, பூட்டி.) அன்னிலேர்ந்து தினம் ஒன்றரை மணி நேரம் அந்தப் பேனா எங்க நாலு பேர் கண்ணு முன்னாடி பச்சையா மின்னிக்கிட்டு கெடக்கு. அவன் விட்டுட்டானான்னு கேக்காதீங்க. விடலை. விடுன்னு வாரத்துக்கு ஒரு தடவை சொல்றேன், தலையை ஆட்டறான்.

அக்காகிட்ட நான் சொல்லலை. சொல்லணுமா வேண்டாமான்னு மூணு வாரமா மனசு கெடந்து அடிச்சுக்குது. அவனுக்கு இருபத்து மூணு வயசு, அவனே சொல்லட்டும்னு ஒரு பக்கம். கூடப் பொறந்தவகிட்ட மறைக்கிறோமேன்னு இன்னொரு பக்கம். போன ஞாயித்துக்கிழமை அக்கா வீடியோ கால்ல வந்தா. பொங்கலுக்கு வெளுத்த ஹாலை எல்லாம் காட்டிட்டு, எங்க ஹாலையும் காட்டச் சொன்னா. நானும் புத்தி இல்லாம போனைத் திருப்பினேன்.

"அது என்னடா டிவி பக்கத்துல, டைல்ஸ் மேல பச்சையா மின்னுது?"

போனை அவன் கையில குடுத்துட்டு, நான் பாத்திரம் கழுவப் போயிட்டேன்.